கப்பல் போயாச்சு, சங்கத்தைக் கலைச்சிடலாமா?

மயிலாடுதுறை வாசகர் ஒருவரின் கேள்வி, 11 ஆகஸ்ட் 2024

எங்கள் கப்பல் ஒரு ஃபிரிகேட் ரகப் போர்க்கப்பல். அதில் வேலை பார்த்த டெல்டாக்காரர்கள் சேர்ந்து 2016-ல் சங்கம் ஆரம்பித்தோம். முதல் கூட்டத்துக்கு 52 பேர். போன மாதம் 8 பேர், அதில் மூன்று பேர் ஒரே தெரு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கமும் இரங்கல் செய்தியும்தான் ஓடுகிறது. செயலாளர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கப்பலையே உடைத்துவிட்டார்கள். சங்கத்தைக் கலைத்துவிட்டு மாவட்ட முன்னாள் படைவீரர் சங்கத்தோடு சேர்ந்துவிடுவதே மேல் என்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

12 ஆகஸ்ட் 2024

மறுப்பு இருக்கு. கலைக்காதீங்க.

நான் விராட், கடற்படையோட விமானந்தாங்கிக் கப்பல். 1990லேர்ந்து 94 வரைக்கும் பாய்லர் ரூம். இப்ப கும்பகோணம் பக்கத்துல ஒரு அரிசி ஆலையில பாய்லர் பார்க்கறேன், உமி போட்டு எரிக்கிற பாய்லர். எங்க சங்கத்துல 43 பேர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலு மாவட்டமும் சேர்த்து. 2017 மார்ச் 6ஆம் தேதி மும்பையில விராட்டுல கொடி இறக்கி ஓய்வு கொடுத்தாங்க. அந்த வாரமே போன்ல பேசிப் பேசிச் சேர்ந்தவங்க நாங்க.

மாவட்ட சங்கம் வேற, கப்பல் சங்கம் வேற. அங்க தரைப்படைக்காரங்க அதிகம். நல்ல மனுஷங்க, ஓய்வூதியப் பேப்பர்னா அவங்ககிட்டதான் நானும் போறேன். ஆனா நாலு பாய்லரும் எரியறப்ப அந்த வெக்கையில நாலு மணி நேரம் நின்னுட்டு மேல வந்து முதல் காத்து முகத்துல படறது எப்படி இருக்கும்னு அங்க யாருகிட்ட பேசறது? ராத்திரி பன்னெண்டு மணி வாட்ச்சுக்கு, அதாவது ஷிஃப்ட்டுக்கு, என் காலை ஆட்டி எழுப்பினவர் இப்ப ஒரத்தநாட்டுல தென்னந்தோப்பு வச்சிருக்கார். அவரும் நானும் உட்கார்ந்தா மணிக்கணக்கா பேசுவோம், பாதி நேரம் பேசாமலும் இருப்போம்.

என் யோசனை ஒண்ணுதான். ஒரு தேதியைப் பிடிங்க, மாத்தாதீங்க. கடற்படை நாள் டிசம்பர் 4. 1971ல நம்ம ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்தை அடிச்ச நாள். அதுக்குப் பக்கத்து ஞாயிறு. இந்த வருஷம் எங்களுக்கு டிசம்பர் 1, கும்பகோணம். தேதி நிலையா இருந்தா ஆள் வரும்.

12 ஆகஸ்ட் 2024, இரவு

பதிவு பண்ணணுமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 1975ஆம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தாப் பதியலாம். பதிஞ்சா வருஷா வருஷம் கணக்கு கொடுக்கணும். கணக்கு எழுத ஆள் இருந்தா பண்ணுங்க. அதுக்கே ஆள் இல்லாதப்ப பதியறது எதுக்கு?

18 ஆகஸ்ட் 2024

பேராவூரணி அண்ணன் எழுதியிருக்கார், சந்தா வேண்டாம், மொய் விருந்து வைக்கலாம்னு. அவங்க பக்கம் ஆடி, ஆவணின்னா மொய் விருந்துதான். கறி சோறு, ஒலிபெருக்கி, நோட்டுப் புத்தகம், ஒரே நாள்ல ஒருத்தர் கையில லட்சக்கணக்குல பணம். அதை வச்சு மகளைக் கட்டிக் கொடுத்தவங்க உண்டு, ஆழ்குழாய் கிணறு போட்டவங்க உண்டு.

முதல்ல எனக்குப் பிடிச்சுது. ரெண்டு நாள் யோசிச்சேன். அண்ணே, மொய்னா திருப்பிச் செய்யணும். நீங்க 1,000 எழுதினா நான் 1,000க்குக் குறையாம எழுதணும். அதுதான் அதோட பலம், அறுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதின நோட்டைக்கூட எடுத்துப் பார்ப்பாங்க. ஆனா நம்ம சங்கத்துல புருஷனை இழந்த பெண்கள் ஏழு பேர். அவங்க எழுத முடியலைன்னா கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திடுவாங்க. பணம் இல்லாததை யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க, உடம்பு சரியில்லைன்னுதான் சொல்லுவாங்க.

சந்தா வருஷம் 300. முடிஞ்சவங்க. அப்படியே இருக்கட்டும்.

1 செப்டம்பர் 2024

மேல "புருஷனை இழந்த பெண்கள் ஏழு பேர்"னு எழுதினேன். அந்த எண்ணிக்கையை நான் எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லணும். மனசுல கிடக்கு.

2022ல வலங்கைமான் பக்கம் எங்க ஆள் ஒருத்தர் இறந்துட்டார். மாரடைப்பு. என்னைவிட ரெண்டு வருஷம் சீனியர், லோனாவாலாவுல கடற்படைப் பயிற்சி நிலையம் சிவாஜில பயிற்சி முடிச்சு வந்த எனக்கு முதன்முதலா பர்னரைக் கையில கொடுத்து ஏத்தச் சொன்னவர். எங்க குழுவுல அவர் பேர் இருந்துச்சு. யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டாங்க, அது போய்ச் சேரலை. ஒத்தை டிக். எல்லாரும் ஊர்ல நெட் இல்லைன்னு நினைச்சோம். நாற்பத்தோரு நாள் கழிச்சு ஒரு கல்யாணத்துல எனக்குத் தெரிய வந்துச்சு. கும்பகோணத்துலேர்ந்து வலங்கைமான் பத்து கிலோமீட்டர்கூடக் கிடையாது. நான் தினம் ஆலைக்குப் போற தூரம்.

போனேன். அந்த அக்கா என்னைப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "உங்களுக்கெல்லாம் எப்படித் தம்பி சொல்றது? அவர் போனை எப்படித் திறக்கறதுன்னே எனக்குத் தெரியலையே"ன்னு. ரீசார்ஜ் முடிஞ்சு போன் பீரோவுல கிடந்துச்சு. எங்க பட்டியல்ல இருந்தது அந்த ஒரு நம்பர்தான்.

குடும்ப ஓய்வூதியம் வர்றதுக்கு ஏழு மாசம். காரணம் என்ன தெரியுமா? பேர். கல்யாணம் ஆன புதுசுல அண்ணன் கப்பல்ல எழுதிக் கொடுத்தது இனிஷியல் இல்லாம. ஆதார்ல அக்காவோட அப்பா இனிஷியல். பாங்க் புத்தகத்துல புருஷன் இனிஷியல். மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க ஒரு சான்றிதழ், அதுல ஒரு எழுத்து மாறிப்போய் இன்னொரு சான்றிதழ். ஒரு அலுவலகத்துல "அடுத்த வாரம் வாங்கம்மா"ன்னு சொன்னதை அஞ்சு தடவை நானே கூட நின்னு கேட்டேன்.

அண்ணன் இருந்தப்பவே இதைச் சரி பண்ணியிருக்கலாம். 2021ல அவரே சொன்னார், ஒரு நாள் வாடா, பேப்பரெல்லாம் பார்ப்போம்னு. அறுவடை சீசன், ஆலையில ரெண்டு ஷிஃப்ட். அப்புறம் வரேண்ணேன்னு சொல்லிட்டேன். போகலை.

3 செப்டம்பர் 2024

அன்னையிலேர்ந்து எங்க பட்டியலை மாத்தி எழுதினேன். நோட்டுலதான், கணினி இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அவர் பேர், ரேங்க், கப்பல்ல இருந்த வருஷம். அதுக்குக் கீழ மனைவி பேர், மூணு இடத்துலயும் எப்படி எழுதியிருக்குன்னு மூணு வரி. மனைவி நம்பர், பிள்ளை நம்பர், வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கடை நம்பர். கடை நம்பர்தான் ரொம்ப உதவுது. மளிகைக் கடைக்காரருக்குத் தெரியாத சாவு ஊர்ல கிடையாது. மூணு வரியும் ஒத்துப்போகாத வீடு எதுன்னு பார்த்து, ஆள் உயிரோட இருக்கறப்பவே ஓய்வூதிய ஆணையில திருத்தம் கேட்கறோம். பதினோரு வீட்டுல ஒத்துப்போகலை. இதுவரைக்கும் ஆறு முடிஞ்சுது.

மயிலாடுதுறை நண்பரே, உங்க 52 பேரோட மனைவிமார் பேர் உங்களுக்கு எத்தனை தெரியும்?

28 செப்டம்பர் 2024

இன்னைக்குத் தேதி பார்த்ததும் வேலை ஓடலை. 2020ல இதே நாள்ல விராட்டை உடைக்கறதுக்காக குஜராத் அலங் கரையில ஏத்தினாங்க. கொரோனா நேரம், யாரும் எங்கயும் போக முடியாது. ஆலையில போன்ல பார்த்தேன். பிரிட்டன்ல ஹெர்மீஸ்னு பேரோட 1959லேர்ந்து ஓடின கப்பல், 1982ல ஃபாக்லாந்து போர் பார்த்த கப்பல், 1987 மே 12லேர்ந்து நம்ம கப்பல். கடைசியா சொந்த நீராவியில ஓடினது 2016 ஜூலையில, மும்பையிலேர்ந்து கொச்சிக்கு. அதுக்கப்புறம் எங்க போனாலும் இழுத்துட்டுப் போனதுதான்.

பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல்காரங்களுக்குப் புதுசா ஒரு விக்ராந்த் வந்துடுச்சு, 2022 செப்டம்பர் 2ஆம் தேதி. பேராவது தொடருது. எங்களுக்கு அதுவும் இல்லை.

விராட்டோட வாசகம், "ஜலமேவ யஸ்ய, பலமேவ தஸ்ய." தண்ணி யாருதோ, பலம் அவருது. கடலை வச்சுச் சொன்னது. லீவுல வந்தப்ப எங்கப்பாகிட்ட அர்த்தம் சொன்னேன். அவர் மேட்டூர்னு நினைச்சுக்கிட்டார். "சரியாத்தான் எழுதியிருக்கான்"னு சொல்லிட்டு மண்வெட்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

13 அக்டோபர் 2024

வேலை விஷயம். வாழ்நாள் சான்றிதழ்.

ஸ்பர்ஷ்ல, அதாவது படைவீரர் ஓய்வூதியத்துக்கான இணையத் திட்டத்துல, இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோட இருக்கேன்னு காட்டணும். ஜீவன் பிரமாண் செயலியில இப்ப முகத்தைக் காட்டினாலே போதும், கைரேகை மிஷின் தேட வேண்டியதில்லை. மண்வெட்டி பிடிச்ச கையில ரேகை விழறது இல்லைன்னு அலைஞ்சவங்களுக்கு இது பெரிய விடுதலை. நல்ல போன் வச்சிருக்கற ஒருத்தர் பத்து வீட்டுக்குப் பண்ணலாம். யாருக்கு எந்த மாசம்னு நோட்டுல குறிச்சு வைங்க. போன வருஷம் எங்கள்ல ஒருத்தருக்கு ரெண்டு மாசம் பணம் நின்னு போச்சு, அவர் பாங்க் தப்புன்னு நினைச்சு பேசாம இருந்துட்டார்.

சங்கத்துக்கு என்ன வேலைன்னு கேட்டீங்களே. இதுதான் வேலை. நாக்கு உலர மேடையில பேசறதைவிட வெளிச்சம் நல்லா விழற திண்ணையில ஒரு அம்மாவை உட்கார வச்சு, கண்ணைச் சிமிட்டுங்கம்மான்னு சொல்றது.

20 அக்டோபர் 2024

நாகூர் தம்பிக்குப் பதில். ஆமா, கப்பல்ல சோறு இருந்துச்சு. சாம்பாரும் இருந்துச்சு, ஆனா அதைக் குடிச்சு வளர்ந்தவனுக்கு அது சாம்பார் இல்லை. ஒரு தடவை லீவு முடிஞ்சு போறப்ப அம்மா கொடுத்த கொத்தவரங்காய் வத்தலை மெஸ்ல பிரிச்சேன். பஞ்சாப்காரர் ஒருத்தர் என்னன்னு தெரியாம ஒரு பிடி வாயில போட்டுட்டு, அடுத்த லீவுக்கு நான் கிளம்பறதுக்கு முன்னாடியே நினைவுபடுத்தினார். இன்னைக்கும் ஜலந்தர்லேர்ந்து போன் பண்ணினா அதைத்தான் முதல்ல கேட்கறார். போன மாசம் கூரியர்ல அனுப்பினேன்.

27 நவம்பர் 2024

கூட்டத்தை ஒத்தி வச்சாச்சு.

நேத்துலேர்ந்து விடாத மழை. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமெல்லாம் சம்பாப் பயிர் மூழ்கிக் கிடக்கு. இந்த வருஷம் மேட்டூரே ஜூலை 28லதான் திறந்தாங்க, குறுவைக்குத் தண்ணி இல்லை, பம்புசெட் இருந்தவங்க மட்டும் போட்டாங்க. சம்பாவை நம்பித்தான் எல்லாரும் இருந்தாங்க. வயல்ல தண்ணி வடிய வாய்க்கால் வெட்டிட்டு நிக்கறவரைக் கும்பகோணத்துக்குச் சாப்பிட வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரலை.

2 டிசம்பர் 2024

புயல் 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரையேறிடுச்சு. கூட்டம் நடந்திருக்க வேண்டிய ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல உட்கார்ந்து நோட்டைப் பிரிச்சு ஒவ்வொரு வீடா போன் பண்ணினேன். சாயங்காலம் ஒரத்தநாட்டுக்காரர் பாதியை வாங்கிக்கிட்டார்.

கவனிச்ச விஷயம். கூட்டத்துக்குப் பதினஞ்சு பேர் வந்திருப்பாங்க. போன்ல 39 வீடு கிடைச்சுது. நாலு வீட்டுல நம்பர் வேலை செய்யலை, அதுல மூணை மளிகைக் கடை வழியாப் பிடிச்சோம். ஒண்ணு தரங்கம்பாடி, ஒண்ணு திருக்குவளை, ஒண்ணு வேதாரண்யத்துக்குத் தெக்க. கடைசியா கிடைச்ச அந்த வேதாரண்யத்துக்காரர் வீட்டுல ஓடு பறந்து ரெண்டு நாளா அடுத்த வீட்டுத் திண்ணையில இருக்காங்க. 2018 கஜா புயலப்பவும் இவர்தான் எங்களுக்குக் கடைசியாக் கிடைச்சார். அப்ப நாங்க தார்ப்பாயும் அரிசியும் எடுத்துக்கிட்டுப் போனோம், ஆனா ஒன்பது நாள் கழிச்சு.

எப்பவும் அவர் ஏன் கடைசி? பட்டியல் கும்பகோணத்துல ஆரம்பிக்குது. நான் கும்பகோணம்ங்கறதால. தண்ணி எப்படிக் கல்லணையிலேர்ந்து கிளம்பிக் கடைமடைக்குக் கடைசியாப் போகுதோ, எங்க சங்கத்துச் செய்தியும் அப்படித்தான் போயிருக்கு. ஏழு வருஷமா.

8 டிசம்பர் 2024

பட்டியலைத் திருப்பி எழுதிட்டேன். கடைமடையிலேர்ந்து ஆரம்பம். கோடியக்கரை, வேதாரண்யம், தலைஞாயிறு, நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார். அப்புறம் மேல ஏறணும். கும்பகோணம், பாபநாசம் கடைசி.

கப்பல்ல மாதிரி வாட்ச் பிரிச்சோம். ஆறு பேர், ஆளுக்கு ஏழு வீடு, மாசம் ஒரு தடவை. வாட்ச் ஆத்து வாரியா. கல்லணைக் கால்வாய்க்காரங்களை ஒரத்தநாட்டுக்காரர் பார்ப்பார். வெண்ணாறு ஒருத்தர். அரசலாறு, குடமுருட்டி நான். குரல் செய்தி அனுப்பினாப் போதாது, பேசணும். வீட்டுல அவர்கிட்ட மட்டும் பேசினாலும் கணக்குல வராது, அந்த அம்மாகிட்டயும் ரெண்டு வார்த்தை. முதல் மாசம் கூச்சமா இருக்கும். எனக்கு இருந்துச்சு.

15 டிசம்பர் 2024

ஆகஸ்ட்ல நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன். "தேதி நிலையா இருந்தா ஆள் வரும்"னு அடிச்சுச் சொல்லியிருக்கேன். தப்பு. டிசம்பர்ல ஒரு தேதியை நட்டு வச்சுட்டு டெல்டாக்காரனைக் கூப்பிடறதுல அர்த்தமில்லை. மும்பைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் டிசம்பர் 4 சரி. இங்க அது வடகிழக்குப் பருவமழை. இந்த மாசம் இன்னொரு தடவையும் கொட்டித் தீர்த்துடுச்சு.

மே 12, விராட் நம்ம கடற்படையில சேர்ந்த நாள், அதையும் யோசிச்சோம். முகூர்த்த மாசம். வெயில். 75 வயசு ஆள் பஸ் மாறி வர முடியாது. ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். ஜெனரல் கரியப்பா 1953ல ஓய்வு பெற்ற நாளை வச்சுக் கொண்டாடறாங்க. நமக்குப் பொங்கல்.

மிஞ்சினது மார்ச் 6. கொடி இறக்கின நாள். சம்பா அறுத்து, நெல்லு கொள்முதல் நிலையத்துக்குப் போய், கையில கொஞ்சம் பணம் வந்திருக்கும். வெயிலும் ஏறியிருக்காது. வீட்டுல சொன்னேன். "கப்பலுக்குத் திதி கொடுக்கறீங்களா?"ன்னு கேட்டா. ஒரு நிமிஷம் என்ன சொல்றதுன்னு தெரியலை. ஆமான்னேன்.

ஞாயிறு வேணும்னா மார்ச் 9. எடம் வலங்கைமான். அந்த அக்காதான் எங்க வீட்டுத் தோட்டத்துலயே பந்தல் போட்டுக்கலாம்னு சொன்னாங்க.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து எல்லாருக்கும். இன்னைக்கு யாருக்கும் போன் பண்ணலை, காலையில வேதாரண்யத்துக்காரரே எனக்குப் பண்ணினார். ஓடு மாத்தியாச்சாம்.

10 மார்ச் 2025

நேத்து நடந்தது.

44 பேர் வந்தாங்க. சங்கத்து ஆம்பளைங்க 21, மத்தவங்க மனைவிமார், பிள்ளைங்க. புருஷனை இழந்த அந்த ஏழு பேர்ல அஞ்சு பேர் வந்தாங்க, தனியா ஒரு வரிசையில உட்கார வைக்கலை, அது முன்னாடியே பேசி வச்சது. பேச்சாளர் இல்லை, பொன்னாடை இல்லை. காலையில மூணு வீட்டுக்கு வாழ்நாள் சான்றிதழ். பேர் ஒத்துப்போகாத ரெண்டு வீட்டுக்கு விண்ணப்பம் எழுதினோம், அதுல ஒருத்தரோட மகள் சட்டம் படிக்கறா, அவளே உட்கார்ந்து எழுதிட்டா. மதியம் சோறு, கத்திரிக்காய் கொத்சு, அப்பளம். ஜலந்தர்காரர் வீடியோவுல வந்தார், வத்தல் வந்து சேர்ந்துடுச்சுன்னு ஜாடியைத் தூக்கிக் காட்டினார்.

சாயங்காலம் ஆறேகாலுக்குக் கொடி இறக்கினோம். மூங்கில் கம்பு, கிணத்தடியில. கப்பல்ல ஊதற விசில் பைப் ஊத ஒருத்தர் இருந்தார், 71 வயசு, மூச்சு பாதியில நின்னுடுச்சு. மீதியை அவர் பேரன் வாயால விசிலடிச்சு முடிச்சான், தாத்தா வீட்டுல சொல்லிக் கொடுத்திருக்கார் போல. ஒருத்தரும் அசையலை.

அக்கா அண்ணனோட டிஸ்சார்ஜ் புத்தகத்தை வெளியில எடுத்துட்டு வந்து காட்டினாங்க. 1990ல எடுத்த போட்டோ. இந்த மூஞ்சியில இருந்த ஆளை எனக்கு நாலு வருஷம்தான் தெரியும், மீதியெல்லாம் லெட்டர்தான், நீங்க கூடவே இருந்தீங்க, சொல்லுங்கன்னு கேட்டாங்க. பர்னர் ஏத்தச் சொல்லிக் கொடுத்த கதையைச் சொன்னேன். ஒரத்தநாட்டுக்காரர் இன்னொண்ணு சொன்னார், அது எனக்கே தெரியாது. பத்து மணி ஆயிடுச்சு கலையறதுக்கு.

12 மார்ச் 2025

மயிலாடுதுறை நண்பர் இன்னைக்குக் கூப்பிட்டார். 52ல 31 வீட்டு மனைவிமார் பேர் சேகரிச்சுட்டாராம். ரெண்டு வீட்டுல அவருக்குத் தெரியாமலே ஆள் இறந்திருக்காங்க. குரல் கம்மிப்போச்சு. அதுல ஒரு வீடு சீர்காழிக்குக் கிழக்க. ஞாயித்துக்கிழமை நான் அவரோட போறேன். நான் விராட்காரன்தான், இருந்தாலும் பேப்பர் ஒண்ணுதானே. யாராவது அந்தப் பக்கம் இருந்தாச் சொல்லுங்க, வண்டியில இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்கு.